அடியிலிருந்து கைப்பிடி வரை

ஏப்ரல் 20

காற்று: கிழக்கிலிருந்து லேசாக. வெயில்: இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில், ஷிஃப்ட் முடிந்ததும் லாக் புத்தகத்தில் முதல் வரியாகக் காற்றைத்தான் எழுதுவோம். ரிட்டயராகி மூன்று வருஷம் ஆகியும் இந்த மாசிலாமணியின் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. அப்போது கன்டெய்னர் எழுதினேன், இப்போது வயர் கூடை எழுதுகிறேன். இரண்டும் கை வேலைதான்.

இன்று மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் மகளிர் குழுக்களின் கண்காட்சி. மேல்வீட்டு ரெஜினா சிபாரிசு செய்து எனக்கும் ஒரு மேசை வாங்கிக் கொடுத்தாள். ஊறுகாய், பினாயில், நைட்டி, நடுவே என் கூடைகள். கூட்டம் முழுக்க என் மேசை முன்னால்தான். உள்ளூர் சேனலிலிருந்து ஒரு பெண் மைக்கோடு வந்தாள்.

"ஐயா, ஆம்பள நீங்க கூடை பின்றீங்களா?"

"இருபது டன் கன்டெய்னரை ஒரு சொட்டு தண்ணி சிந்தாம எறக்கினவன்மா நான். இந்த வயர் எம்மாத்திரம்?"

"எல்லாமே நீங்களே போட்டதா?"

"அடியில இருந்து கைப்பிடி வரைக்கும், எல்லாம் இந்தக் கைதான்" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். என் மனைவி எழிலரசி பின்னால் மோர் பாட்டிலோடு நின்றிருந்தாள்.

ஆட்டோவில் வரும்போது எழில் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள். வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, எப்போதும் தலைவலிதான்.

ஏப்ரல் 23

வீடியோ வந்துவிட்டது! என் குரல் கணீரென்று விழுந்திருக்கிறது. எழில் இரண்டு தடவை பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். ரொம்ப நேரம் களைந்தாள்.

தங்கச்சி தனம் அம்பத்தூரிலிருந்து போன் பண்ணினாள். "அண்ணே, எங்க தெரு பூரா நீதாண்ணே!" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். ஜூன் ஆறாம் தேதி அவள் மகள் மோனிஷாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீருக்கு வாடகைத் தட்டும் ஜிகினாப் பேப்பரும் எனக்கு வேண்டாம். பதினோரு கூடை, மெரூனும் பொன்மஞ்சளும், எல்லாம் என் கையால். அந்தக் கூடைகளில்தான் பழமும் புடவையும் வரும். தனம் போனை வைத்த கையோடு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டாளாம்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மோனிஷா பாதி நாள் இந்த வீட்டில்தான் வளர்ந்தாள். நானும் எழிலும் சீர் தூக்கிக்கொண்டு போகப்போவது இந்த ஒரு கல்யாணத்துக்குத்தான். அதில் ஒரு குறை வரக்கூடாது.

ஏப்ரல் 28

காற்று: இல்லை. வேலை: மூன்று கூடை, கழுத்து வரை முடிந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால், கூடையை முடித்து எழில் பக்கம் வைத்துவிடுவேன். மறுநாள் பார்த்தால் கைப்பிடியோடு இருக்கும். நான்கு வயரைச் சேர்த்து ஒரு முறுக்கு, சின்ன வேலை. மூன்றையும் வைத்தேன். இன்று காலை மூன்றும் வைத்தது வைத்தபடி இருக்கின்றன.

"எழில், கைப்பிடி?"

"கை வேர்க்குதுங்க. வயர் வழுக்குது. வெயில் கொஞ்சம் குறையட்டும்."

சிரித்த முகமாகத்தான் சொன்னாள். கறிவேப்பிலை போட்ட மோரும் கொடுத்தாள். நியாயம்தான். வெயில் யாரை விட்டது?

மே 4

கத்திரி இன்று ஆரம்பம். ஹவுசிங் போர்டில் எங்கள் வீட்டுக்கு மேலே ரெஜினா வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே காய்கிற வெயில் இரண்டு தளம் இறங்கி என் தலையில் உட்காருகிறது. ஃபேன் அனல் காற்றை எடுத்து அனல் காற்றாகவே திருப்பிக் கொடுக்கிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்து என்ன புண்ணியம், உப்புப் புழுக்கம்தான் வருகிறது.

வயர் வெந்த சேமியா மாதிரி தொளதொளவென்று கிடக்கிறது. முடிச்சை இழுத்தால் விரல் வழுக்குகிறது. நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து கூடைக்குள் சொட்டுகிறது. ஒரு சுற்று போட்டேன், படுத்தேன். எழுந்து இன்னொரு சுற்று போட்டேன், மறுபடி படுத்தேன்.

எழில் அதே புழுக்கத்தில், அடுப்பு எரிய, கல்யாண வேலையாக அலைகிற தனம் வீட்டுக்குக் கைமுறுக்கு சுற்றினாள். ஈடு ஈடாக எடுத்து டின்னை நிரப்பிவிட்டாள். ஒரு முறுக்குகூட உடையவில்லை. அப்போது அந்தக் கை வேர்க்கவில்லை போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மே 7

கரண்ட் இல்லை. ஒரு முடிச்சும் போடவில்லை.

மே 10

காற்று: பூஜ்யம். வேலை: பூஜ்யம்.

சும்மா படுத்திருந்தால் பழைய எரிச்சலெல்லாம் எழுந்து உட்காருகிறது. ஒரு தனியார் கம்பெனிக்குக் காற்றாலை இறக்கை வந்த கதையை இங்கே எழுதி வைக்கிறேன். கப்பலிலிருந்து அதை இறக்கியவன் நான். அன்றைக்குக் காற்று பேய் மாதிரி அடித்தது. அந்த நீளத்தை ஒரு கீறல் இல்லாமல் லாரியில் படுக்க வைத்தேன். கீழே மேளதாளம். கம்பெனி மேனேஜருக்கு ஆளுயர மாலை. மறுநாள் பேப்பரில் போட்டோ. அதில் லாரி டிரைவர் இருக்கிறார், டீ கொடுத்தவர்கூட இருக்கிறார். நான் மேலே கேபினில் உட்கார்ந்திருந்தேன். "எல்லாம் எங்க டீமோட உழைப்பு" என்று அந்த மேனேஜர் பேட்டி வேறு கொடுத்திருந்தான். எந்த டீம்? அவனும் அவன் கூலிங் கிளாசுமா? இத்தனை வருஷம் ஆகியும் வயிறு எரிகிறது. வேலை செய்தவன் பெயரைச் சொன்னால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்?

அன்று வீட்டுக்கு வந்தால், வாசலில் எழில் கையில் ரோஜா மாலை. முனைக் கடைப் பூக்காரம்மாவிடம் கடன் சொல்லி வாங்கியிருக்கிறாள். "வாங்க, எங்க வூட்டு மேனேஜரே" என்று கழுத்தில் போட்டாள். மாடிப்படி முழுக்கக் கூட்டம், ஒரே சிரிப்பு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் மாலையைக் கழற்றவில்லை.

வேறு வேலை இல்லாததால் இதை எழுதினேன்.

மே 14

கட்டிலுக்கு அடியில் ஐந்து கூடைகள், கைப்பிடி இல்லாமல். திருத்தணிக்குப் போய் மொத்தமாக மொட்டை போட்டுக்கொண்டு வந்த குடும்பம் மாதிரி என்னைப் பார்க்கின்றன. மிச்ச ஆறுக்கு வயரே நறுக்கவில்லை. இதுவரை எனக்கு இப்படி ஆனதில்லை. உட்கார்ந்தால் எழ மாட்டேன், சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட வேண்டும். இப்போது கத்தரிக்கோலைத் தேடவே சோம்பலாக இருக்கிறது. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் கிடக்கிறேன். முதுகெல்லாம் வேர்க்குரு.

எழிலிடம் மறுபடியும் கேட்டேன். "கத்திரி முடியட்டுங்க" என்றாள். கத்திரி முடிந்தால் கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கும். இது அவளுக்குத் தெரியாதா?

தனம் போன் பண்ணினாள். சம்பந்தியம்மா கூடையைப் போட்டோவில் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். "ஓடிக்கினு கீது, வேலை ஜரூரா நடக்குது" என்று சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எழில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 17

போதும். ஒரு கைப்பிடிக்காக ஒருத்தியிடம் எத்தனை தடவை தொங்குவது? நானே போட்டேன்.

பால்கனிக் கம்பியில் தொங்கிய வயரை எடுத்தேன். வெயிலில் நன்றாக இளகியிருந்தது, இழுத்த இழுப்புக்கு வந்தது. கால் கட்டைவிரலில் மாட்டி, பல்லைக் கடித்து, முறுக்கு முறுக்கென்று முறுக்கினேன். இரண்டு மணி நேரத்தில் கைப்பிடி தயார். கிண்ணென்று நின்றது. இவ்வளவுதானா விஷயம்? இதற்கா ஒரு மாசமாகப் பஞ்சாங்கம் பார்த்தாள்?

எழிலிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்றாள். வயரை எங்கே வைத்திருந்தேன் என்று மட்டும் கேட்டாள்.

மே 18

ரெஜினா மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். லோடு டெஸ்ட் பண்ணாமல் எந்தக் கொக்கியையும் நான் நம்பினதில்லை. கூடையைக் கொடுத்து அனுப்பினேன்.

ஊறுகாய்க்கு மாங்காய் வாங்கி ரொப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். இரண்டாவது மாடித் திருப்பம் வரை கைப்பிடி நீண்டுகொண்டே வந்ததாம். அங்கே ஒரு பக்கம் உருவிக்கொண்டது. மாங்காய் அத்தனையும் படிப்படியாகத் தடதடவென்று கீழ்த்தளம் வரை உருண்டது. பிளாக் முழுவதும் கதவைத் திறந்து பார்த்தது. ரெஜினாவுக்கு அடி எதுவும் இல்லை. நன்றாகப் பேசினாள், அதிலிருந்தே தெரிந்தது.

"இன்னாண்ணே இது? இது எழிலு போட்ட பிடி இல்லியே!"

கீழ்வீட்டிலிருந்து இன்னொரு குரல்: "எழிலக்கா பிடின்னா அதுல பிள்ளையவே போட்டு ஆட்டலாமே!"

அதாவது, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. போன வருஷம் கடையில் வாங்கிய கூடைகள் பிய்ந்தபோதுகூட இவர்கள் எழிலிடம்தான் கொண்டுவந்து பிடி போட்டுக்கொண்டார்களாம். எனக்குத் தெரியாது. நான் அந்த நேரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

எழில் இறங்கிப் போய் மாங்காயெல்லாம் பொறுக்கி, கழுவி, ரெஜினாவிடம் கொடுத்தாள். மேலே வந்து எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

மே 19

காற்று: இல்லை. வேலை: உருவிய பிடியை அவிழ்த்துவிட்டுக் கூடையை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ரெஜினாவுக்கு வாய் அதிகம்.

மே 22

மோனிஷா வந்திருந்தாள். வெயிலில் முகம் சிவந்து, துப்பட்டாவால் விசிறிக்கொண்டே, "அத்தை, மொதல்ல தண்ணி! மாமா, எங்க என் கூடை?" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்துவிட்டாள். நான் தடுப்பதற்குள் ஐந்தையும் வெளியே இழுத்துப் போட்டாள்.

"கலர் சூப்பர் மாமா! பிடி எங்க?"

நான் கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். எழில் தண்ணீரை நீட்டியபடியே சொன்னாள்: "பிடியெல்லாம் கடைசிலதான் போடுவாரும்மா. மாமாவுக்குன்னு ஒரு கணக்கு இருக்குல்ல? நீ போய் மூஞ்சியப் பாத்துக்கோ, வெயில்ல சுத்தாத, கறுத்துடப் போற."

மோனிஷா சிரித்துக்கொண்டே போனாள். நான் எழிலைப் பார்த்தேன்.

"போடுவாருன்னு சொல்லிட்ட. யாரு போடுவா?"

"நீங்கதான். அடியில இருந்து கைப்பிடி வரைக்கும்."

குரலை உயர்த்தவில்லை. நான் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். சொல்லிவிட்டு மொட்டைக் கூடை ஐந்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

பத்தாம் தேதி நான் எழுதிய பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். அந்த மேனேஜரை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று பார்த்தேன். கூலிங் கிளாஸ்தான் என்னிடம் இல்லை.

மே 23

பகல் பன்னிரண்டு மணிக்குச் சட்டையை மாட்டினேன். "இந்த வெயில்ல எங்கங்க?" என்றாள். "வேல இருக்குது" என்றேன்.

முனைக் கடைக்குப் போனேன். பூக்காரம்மா ஈரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோஜா மாலை கேட்டேன். எந்தக் கோயிலுக்கு என்றாள். வீட்டுக்கு என்றேன். வாடிவிடும் என்று ஓட்டமும் நடையுமாக வந்தேன். மாடிப்படி நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அங்கேதான் கொஞ்சம் காற்று வரும். நல்லவேளையாக ரெஜினாவும் இருந்தாள். எழில் நடுவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எல்லார் முன்னாலும் மாலையை அவள் கழுத்தில் போட்டேன்.

"ஐயோ, இன்னாங்க இது!"

"கைப்பிடி போடுறவங்களுக்கு" என்றேன். கிரேன் சத்தத்தில் பேசிப் பழகிய தொண்டை. நான்கு மாடிக்கும் கேட்டிருக்கும்.

ரெஜினா விடுவாளா? "அண்ணே, தாலியும் வாங்கியாந்தியா?" என்றாள். படிக்கட்டே அதிர்ந்தது. எழில் முகம் ரோஜாவைவிடச் சிவந்துவிட்டது. "கத்திரி வெயில்ல வெளிய போவாதீங்கன்னு சொன்னேனே, பாரு, மனுசனுக்கு மூளை கலங்கிப்போச்சு" என்றாள். கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

ரசம் தாளித்து இறக்கும்வரை மாலையைக் கழற்றவில்லை. ஒரு இதழ் ரசத்தில் விழுந்தது, அப்படியே சாப்பிட்டோம். நான் மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மாலை வாங்கினேன், அவ்வளவுதான்.

மே 25

காலையில் கண் விழித்தால் பக்கெட் தண்ணீரில் வயர் ஊறிக்கொண்டிருந்தது.

"வெயில்ல கெடந்த வயரை அப்படியே முறுக்கக் கூடாதுங்க. அப்ப இழுத்த இழுப்புக்கு வரும், அப்புறம் தொங்கிப்பூடும். பச்சத் தண்ணில போட்டு, இறுகினப்புறம்தான் கை வைக்கணும்."

"இத்தினி வருசமா சொல்லவே இல்லியே?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

அவள் முறுக்கினாள், நான் மறுமுனையை இழுத்துப் பிடித்தேன். நான்கு வயர் அவள் விரலுக்குள் போய் ஒரே கயிறாக வருவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து இன்றுதான் பார்த்தேன். அடேயப்பா! இதைச் சின்ன வேலை என்று எவனோ இந்த நோட்டில் எழுதியிருக்கிறான்.

மத்தியானத்துக்குள் மூன்று கைப்பிடி. நானும் சும்மா இருக்கவில்லை, ஆறாவது கூடைக்கு அடி போட்டு நான்கு சுற்று ஏற்றிவிட்டேன். லாக்கில் பொய் எழுதிப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். வெயில் இம்மியும் குறையவில்லை. புழுக்கம் நேற்றைவிட அதிகம்.

ஜூன் 2

பதினொன்றும் முடிந்தன. ஒவ்வொன்றிலும் தேங்காயை நிரப்பி மாடிப்படி ஏறி இறங்கினேன். ஒன்றும் அசையவில்லை. ரெஜினா வந்து பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ம், இது எழிலு" என்றாள். வாய் அதிகம்தான், ஆனால் வேலை தெரிந்தவள்.

ஜூன் 6

கல்யாணம் முடிந்து இப்போதுதான் வந்தோம். உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுதாமல் தூங்க முடியாது.

அம்பத்தூர் மண்டப வாசலில் மேளம் முழங்க, எங்கள் பிளாக் பெண்கள் வரிசையாகக் கூடை எடுத்தார்கள். எழில் முதல் கூடை. தேங்காயும் வாழைப்பழச் சீப்பும் ரொப்பிய கனமான கூடையைத் தானே எடுப்பேன் என்றாள். மெரூனும் பொன்மஞ்சளுமாகப் பதினொன்று படியேறியபோது உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணவறையில் இருந்த மோனிஷா மாப்பிள்ளையை இடித்து இடித்துக் காட்டினாள்.

சம்பந்தியம்மா வந்து ஒரு கூடையைத் தூக்கிப் பார்த்தார். "வீடியோவுல பாத்தோம்ங்க. எல்லாமே நீங்களே போட்டதாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் எழில் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. அடியில இருந்து கைப்பிடி வரைக்கும் எல்லாம் இவரு கைதான்."

குத்தலாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. இறக்கை இறக்கிய அன்று எனக்கு மாலை போட வாசலில் எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள். ஊரார் முன்னால் என் தலை ஒரு இஞ்ச் இறங்கக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

"இல்லீங்க. பிடி அவங்க போட்டது" என்றேன். மேளச் சத்தத்தில் சம்பந்தியம்மாவுக்குக் காது கேட்கவில்லை. "என்னாங்க?" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்து, துறைமுகக் குரலில் கத்தினேன். சரியாக அந்த நொடி பார்த்து மேளக்காரர் நிறுத்திவிட்டார்.

"பிடி என் பொண்டாட்டி போட்டது! எனக்குப் பிடி போடத் தெரியாது!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஐயர்கூட மந்திரத்தை நிறுத்திவிட்டார். ரெஜினா வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "நான் போட்டது பின்னலுங்க. இத்தினி தேங்காய கீழ வுடாம மேல கொண்டாந்தது இவங்க கை."

சம்பந்தியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு எழில் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழில் என்னை முறைத்தாள். முறைக்கிற கண்ணில் தண்ணீர் நின்றது.

ஜூன் 15

காற்று: தெற்கிலிருந்து. சாயங்காலம் நாலு தூறல்.

தனம் கல்யாண போட்டோ அனுப்பியிருக்கிறாள். சீர் வரிசைப் படத்தில் எழில் நட்டநடுவில், கூடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் முழுக்க வியர்வையும் சிரிப்பும். ஓரத்தில் எனக்கு ஒரு தோளும் அரை மீசையும் விழுந்திருக்கின்றன, மீதியைத் தூண் மறைத்துவிட்டது. "ஐயோ அண்ணே, நீ சரியா வுழலியே" என்று தனம் வருத்தப்பட்டாள்.

ஸ்டூடியோவுக்குப் போய் அதே படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னேன். தூணை எடுத்துவிட்டு வேறு படத்திலிருந்து என் முகத்தை ஒட்டித் தரவா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். கைப்பிடி தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்.